இறம்பொடை இறக்கத்தில் நான் செய்தது

நானுஓயா ஸ்டேசன் வாசலில் வாங்கிய உளுந்து வடையைச் சுற்றித் தந்த பத்திரிகைத் தாள் என் முன்னால் விரிந்து கிடக்கிறது. நடுவில் எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்தும் முன்பக்கத்துக்கு வந்து நிற்கிறது. வடை தீர்ந்து இரண்டு மாதமாகிறது. தாளை மட்டும் எறிய முடியவில்லை. முகர்ந்து பார்த்தால் இன்னும் லேசாகக் கறிவேப்பிலை வாசம் வருகிறது.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். எனக்கு இப்போது வாசிக்கத் தெரியும். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அதில் கடைசி பதினொரு மாதமாக நான் படிக்கிறேன். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரம் வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பெண்கள், அவர்களுக்கு நடுவில் எழுபத்திரண்டு வயதில் நான் ஒருவன். சவர்க்கார உறை, தீப்பெட்டி, பிஸ்கட் பக்கெட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறேன். மருந்துச் சீட்டு மட்டும் முடியவில்லை. அது எழுதியவருக்கே முடியாது என்று டீச்சர் சொன்னார். நாற்பது வருடம் நான் வண்டி ஓட்டிய ரோட்டில் இத்தனை எழுத்து இருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைப் பலகைகள், பாலத்தின் பெயர், மதகுக் கட்டையில் எவனோ எவளையோ விரும்புவதாக எழுதி வைத்தது. ஒவ்வொன்றாக வாசித்துச் சிரித்துக்கொண்டே நடக்கிறேன். எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள்.

லைசன்ஸ் எடுத்த காலத்தில் கேள்விகளை வாயால் கேட்டார்கள். அதனால் தப்பித்தேன். படம் போட்ட பலகையெல்லாம் தெரியும். வெறும் எழுத்துப் பலகை எல்லாமே எனக்குத் தேயிலை விளம்பரம்தான்.

இந்த வடைத் தாள் ஞாயிறு பத்திரிகையின் வாகனப் பக்கம். விலை உயர்ந்த கார் வைத்திருக்கிற நாலைந்து பேரிடம் கருத்துக் கேட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒருவர், முதல் சொந்தக்காரரிடமிருந்து மட்டும்தான் வாங்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், அப்படிப்பட்ட காரை மருமகனைப் போல வைத்திருக்க வேண்டும், கேட்டதைக் கேட்ட நேரத்தில் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். நீ இருந்திருந்தால் ஆளுக்கொரு மறுப்புச் சொல்லியிருப்பாய். நான் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, உன் பதிலையும் நானே சொல்லிக்கொண்டு, மூன்று நாள் இந்தப் பக்கத்தோடு சந்தோசமாக இருந்தேன். நான்காம் நாள் தாளின் அடியில் இருந்த கேள்வி பதிலுக்கு வந்தேன். யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: ஓட்டோ கியர் காரை இறக்கத்தில் நியூட்ரலில் விடலாமா? விடவே கூடாது என்று பதில். எஞ்சினையும் அணைத்துவிட்டால் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது, சக்கரம் மட்டும் உள்ளேயிருப்பதைச் சுழற்றும், சூடேறிக் கருகிப் போகும்.

தப்பாக வாசித்திருப்பேன் என்று நினைத்துத் திரும்ப வாசித்தேன். பிறகு டீச்சரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். அவரும் அதையேதான் வாசித்தார்.

நாம் இரண்டு பேரும் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள், சுவருக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான். நீ பள்ளிக்கூடம் போனாய். நான் தேயிலைக் கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு போய், பிறகு அதையே ஓட்டினேன். நீ மரக்கறி வியாபாரத்தில் மேலே வந்து, நானுஓயாவில் வீடு கட்டி, என்னை உன் லொறிக்குக் கூப்பிட்டாய். ஆட்கள் முன்னால் நான் உன்னை முதலாளி என்பேன். கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வாடா, போடாதான். "வெளிய இருக்கற மொதலாளி செத்துட்டான், உள்ள வாடா" என்று நீயே கதவைத் திறந்துவிடுவாய்.

பிறகு உனக்கு அந்தக் கறுப்பு ஜெர்மன் கார் மேல் ஆசை வந்தது. உன் மனைவியின் அண்ணன், கினிகத்தேனையில் பாவித்த வாகனங்கள் விற்கிற மச்சான், அதைக் கொண்டுவந்து வைத்திருந்தார். நாம் லொறியில் போனோம். லொறியில் எட்டு மூட்டை உருளைக்கிழங்கு இருந்தது. நீ இறங்கியதும் இறங்காததுமாக அந்த மூட்டைகளைக் காரில் ஏற்றச் சொன்னாய். டிக்கியில் நாலு, பின் சீட்டில் படங்குத் துணியை விரித்து நாலு.

"மச்சான், இது வண்டியா கழுதையா?" என்று அவர் தலையில் கை வைத்தார்.

"கழுதையா வண்டியான்னு பாக்கத்தான் ஏத்துறேன் மச்சான். சும்மா கெடந்தா எல்லா வண்டியும் ராசா மாதிரிதான் இருக்கும்."

வட்டவளை வரை ஏற்றத்தில் விட்டேன். நீ மூட்டைகளுக்கு இடையில் நசுங்கிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தாய். வண்டி முனகவே இல்லை. திரும்பி வந்ததும் அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "எந் தங்கச்சி ஏறப்போற வண்டி. நான் பாக்காம குடுப்பனா?" அந்த வார்த்தைக்காகத்தான் நீ வாங்கினாய். கிழங்கு மூட்டைக்காக இல்லை.

அதற்குப் பிறகு கல்யாண மண்டப முற்றங்களில் உன் ராச்சியம் ஆரம்பமானது. தாலி கட்டுகிற நேரத்தில்கூட கார் வைத்திருக்கிற நீங்கள் நாலு பேரும் கார்களுக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். ஹட்டன் டாக்டர் ஜப்பான் வண்டிக் கட்சி.

"தோல் சீட்டெல்லாம் நம்ம மலைக்குச் சரிவராதுங்க. ஒரு மாசம் பனி பெய்ஞ்சா பூஞ்சணம் புடிச்சுரும்" என்பார்.

"தொடைக்க ஆளில்லாதவனுக்குப் பூஞ்சணம் டாக்டர். நம்மகிட்ட ஆளு இருக்கு" என்று என் பக்கம் கை காட்டுவாய். "உள்ள உக்காந்து பாருங்க. எஞ்சின் ஓடுதா இல்லையான்னே தெரியாது."

"பெற்றோல் குடிக்குமே?"

"லீட்டருக்குப் பதினேழு ஓடுது. வண்டியே சொல்லுது, நீங்களே எட்டிப் பாருங்க. எல்லாம் இவன் கால்ல இருக்கு. இந்தக் காலுக்குத் தங்கத்துல செருப்புப் போடணும்."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். எழுத்துத் தெரியாவிட்டாலும் இலக்கம் எனக்குத் தெரியும். பதினேழுதான் நிற்கும். எல்லாரும் திரும்பி என் காலைப் பார்ப்பார்கள்.

அந்தப் பதினேழு எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்லவே இல்லை. தோட்டத்து லொறிக்கு டீசலை அளந்துதான் ஊற்றுவார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, நேர் ரோட்டில் எஞ்சினையும் அணைத்து, மிச்சம் பிடித்துக் காட்டுகிறவன்தான் அந்தக் காலத்தில் நல்ல டிரைவர். அதையே உன் காரிலும் செய்தேன். வாரா வாரம் கண்டிக்குப் போகும்போது நுவரெலியா தாண்டியதும் நீ தூங்கிவிடுவாய். இறம்பொடை இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளுவேன். வளைவில்லாத இடம் வந்தால் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி எஞ்சினை அணைப்பேன். காற்று மட்டும் கேட்கும். பிரேக் கல் மாதிரி இறுகும், ஸ்டியரிங் கனக்கும், நான் உடம்பைப் போட்டு இழுப்பேன். ஒரு தடவை நீ கண் விழித்து, "என்னா அமைதிடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டாய். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. புஸ்ஸல்லாவையில் டீக்கு நிறுத்தும்போது எஞ்சின் நல்ல பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

பெற்றோல் மிச்சம் பிடிக்கச் சொல்லி நீ ஒருநாளும் கேட்டதில்லை. நாலு முதலாளிமார் என் காலைப் பார்ப்பார்களே, அதற்காகச் செய்தேன். என் மனைவி செத்த பிறகு என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது வருடம், கண்டியிலிருந்து திரும்பும்போது, அதே இறம்பொடை ஏற்றத்தில் வண்டி நின்றது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. பனி இறங்கி ரோடே தெரியவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒரு கராஜில் கியர்ப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எல்லாம் கருகியிருந்தது. "வாங்கும்போதே தேஞ்ச பெட்டியா இருக்கும் மொதலாளி" என்று கராஜ்காரர் சொன்னார். அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நீ அங்கேயே நின்று மச்சானுக்கு ஃபோன் போட்டாய். "தங்கச்சி ஏறப்போற வண்டின்னு சொன்னீங்களே. தங்கச்சிய எறக்கிவிட்டு நடக்கவச்சிட்டீங்க" என்றாய். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, நீ கேட்கவில்லை. அதோடு உங்கள் பேச்சுவார்த்தை முடிந்தது. வேறு பெட்டி போட்டு வண்டி திரும்பவும் ஓடியது. ஆனால் கல்யாண முற்றங்களில் உன் பேச்சு மாறிவிட்டது. "வண்டி எந்த நாட்டு வண்டின்னு பாக்காதீங்க, விக்கிறவன் யாருன்னு பாருங்க" என்பாய். அவர் மகள் கல்யாணத்துக்கு நீ போகவில்லை, தங்கச்சியையும் விடவில்லை. உன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கடைசியாகப் படுத்திருந்தபோது, "அண்ணன வரச் சொல்லவாங்க?" என்று அவள் கேட்டாள். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் உன் கால்மாட்டில்தான் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உன் சாவுக்கு அவர் வந்தார். உள்ளே வரவில்லை. ரோட்டோரத்தில் குடையோடு நின்று, பாடைத் தேர் நகர்ந்ததும் திரும்பிப் போனார்.

எனக்கு அப்போது தெரியாது, வாசித்த பிறகுதான் தெரிந்தது என்று இந்தத் தாளைக் காட்டி உன்னிடம் சொல்லலாம். பாதிதான் உண்மை. புதுப் பெட்டி போட்ட பிறகு நான் ஒருநாளும் நியூட்ரலில் விடவில்லை. பதினேழு பதினொன்றுக்கு இறங்கியது. "ஓட்டப் பெட்டியப் போட்டுட்டானுங்க" என்று அதற்கும் நீ கராஜைத் திட்டினாய். ஒன்றுமே தெரியாதவன் ஏன் நிறுத்தினான்? ஒரு மாதம் இந்தக் கேள்வியோடு கிடந்தேன்.

சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இருந்தது. என் பிள்ளைகள் கொழும்பில். அடுப்பு மூட்டினால் எனக்கு மட்டும்தான் மூட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் நான் உன் வீட்டில் சாப்பிடுவேன். நீ போன பிறகும் தங்கச்சி அதை நிறுத்தவில்லை. "அண்ணே, வாங்க, ஆறிப்போகுது" என்று வாசலில் நின்று கூப்பிடுவாள். தீபாவளிக்குப் பலகாரம் கட்டிக் கொடுப்பாள். ஒரு ஞாயிறு ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எனக்கின்னு இருக்கற ஒரே அண்ணன் நீங்கதான்" என்று சொன்னாள். கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. அந்த இடம் யாருடையது என்று எனக்குத் தெரியும். மச்சான் வருவது நின்றதிலிருந்து ஆறு வருடமாக அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் அந்த ஒரு வீடும் போய்விடும். அவள் ஊற்றிய ரசத்தைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன்.

ஹட்டன் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து கினிகத்தேனைக்கு இன்னொன்று. என்ன காரியமாகப் போகிறேன் என்பதை மறந்து, வழியெல்லாம் வாசித்துக்கொண்டே போனேன். இறக்கத்தில் ஒரு மஞ்சள் பலகை வந்தது. அதற்குக் கீழே எத்தனையோ தடவை லொறியை நிறுத்தி டயர் பார்த்திருக்கிறேன். "செங்குத்தான இறக்கம், சிறிய கியரில் செல்லவும்" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், இந்தப் பலகை எப்போது வைத்தார்கள் என்று. "நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே இருக்குதுங்களே" என்றார்.

மச்சானின் முற்றத்தில் பழைய வேன் இரண்டும் முச்சக்கர வண்டிகள் சிலவும் நின்றன. கார் ஒன்றும் இல்லை. அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

"யாரு, டிரைவரா? விக்கவா, வாங்கவா?"

"ரெண்டும் இல்லீங்க மொதலாளி. ஒரு விசயம் சொல்லணும்."

நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் ஒரு முச்சக்கர வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு துணியைப் போட்டுவிட்டு வந்தார்.

"எஞ்சின ஆஃப் பண்ணிட்டா? இறம்பொடையிலயா?"

"வளைவுல இல்லீங்க. நேர் ரோட்டுல மட்டும்."

"நேர் ரோடு. இறம்பொடையில எங்கய்யா இருக்கு நேர் ரோடு?"

அவர் போட்ட துணியை நான் எடுத்து மடித்தேன்.

"பதினேழு ஓடுதுன்னு மச்சான் ஃபோன் பண்ணிப் பெருமையடிச்சாரு. அந்த வண்டி நம்ம மலையில பன்னெண்டத் தாண்டாது. எனக்கு அப்பவே உறுத்துச்சு. ஆனா நான் குடுத்த வண்டியப் பத்தி நல்லது சொல்றாரு, நான் எதுக்குக் கேள்வி கேக்குறேன்?" நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அதுக்கப்புறம் நான் நல்ல வண்டின்னு ஒண்ணும் எடுக்கறதில்ல. சொந்தத் தங்கச்சிக்கு எடுத்த வண்டியிலேயே கோட்ட விட்டவன், ஊரானுக்கு என்னத்தப் பாத்துக் குடுக்கப்போறேன்? எங்கண்ணு சரியில்லன்னுதான் இத்தன நாளா நெனச்சிக்கிட்டிருக்கேன்."

"உங்க கண்ணு சரிதாங்க."

"மச்சான்கிட்ட சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லியிருக்கணும்."

"ஆமாங்க."

டீ வந்தது. எனக்கும் ஒரு கோப்பை வைத்தார்கள். அவர் தன்னுடையதைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பி, "தங்கச்சிகிட்ட நான் போய்ச் சொன்னா, செத்த மனுசன் மேல பழி போடறேன்னு நெனைக்கும். நீ எழுதிக் குடுத்தா நல்லது. உனக்குத்தான் எழுத வராதே" என்றார்.

"வருங்க."

"எப்பருந்து?"

"பதினொரு மாசமாங்க."

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பி வைத்தார். எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடையில் இரண்டு பேர் வந்து வேனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் நிமிரவில்லை. தங்கச்சி, கியர்ப் பெட்டியைக் கெடுத்தவன் நான், உன் அண்ணன் கொடுத்தது நல்ல வண்டி, உன் வீட்டுக்காரருக்கு இது தெரியாது, தெரிந்திருந்தால் அவர் அண்ணனோடு கோபித்திருக்க மாட்டார். இவ்வளவுதான் எழுதினேன். அடியில் என் பெயர். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் கடிதம் அது. எழுத்தெல்லாம் ஒரே வரிசையில் நின்றது. அந்த நேரத்திலும் அதைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வந்தது. உனக்கு ஒளித்து என்ன?

அவர் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டார். வேன் சாவியை எடுத்துக்கொண்டு, "நானுஓயாதான் போறேன். வர்றியா?" என்று கேட்டார். நீங்கள் போங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

அந்த ஞாயிறு எனக்கு அழைப்பு வரவில்லை. நானும் போகவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. தங்கச்சி திட்டி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒன்றும் வரவில்லை. பருப்பும் சோறும் ஆக்கி, வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பேச ஆளில்லாததால் உனக்கு இதை எழுத ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போகிறது.

நேற்று மூன்றாவது ஞாயிறு. மாத்திரை வாங்கக் கடைக்குப் போக வேறு வழியும் இருக்கிறது. ஆனாலும் உன் வீட்டு வழியாகத்தான் போனேன். முற்றத்தில் மச்சானின் வேன் நின்றது. குசினி ஜன்னலில் புகை. உள்ளே பீங்கான் சத்தம், ஒரு ஆண் சிரிப்பு. வேலிக்கு நேராக வந்தபோது தங்கச்சியின் குரல் கேட்டது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

என் கால் நின்றுவிட்டது. போதும் என்று சொல்லக் கை பாதி உயர்ந்துவிட்டது. ரோட்டில் யாரும் இல்லை, நல்லவேளை. கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினேன். வளைவு திரும்பும் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது. அதற்குப் பிறகு கேட்டிருக்க முடியாது, அவ்வளவு தூரம் வந்துவிட்டேன். ஆனால் இதை எழுதும்போதும் கேட்கிறது.